தனித்தனியே கேட்க வேண்டிய கேள்வி

நான் ஓய்வு பெறும் மாதத்தில் எங்கள் அலுவலகத்தின் உள்சஞ்சிகைக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிரெஞ்சில், இனிய நினைவுகளாக, முடிந்தால் ஐரோப்பிய ஒத்துழைப்பு பற்றியும் ஒரு வரி வரும்படி. எழுதிக் கொடுத்தேன். மாதாவைப் பற்றிய பகுதியை வெட்டினார்கள். என் மேலாளர் தோடம்பழம் உரிப்பதை வெட்டினார்கள். லா சப்பல் சமையலறையில் நடந்ததை முழுதாகவே வெட்டினார்கள். கடைசியில் அச்சில் வந்தது என் பெயரும் ஒரு படமும்தான். படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வெட்டுப்பட்டதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பவளாக வேலை செய்தேன். "ஆங்கெத்துக்கு வாற அக்கா" என்றால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ஆங்கெத் என்றால் பிரெஞ்சில் கணக்கெடுப்பு. வீடு நகருக்கு வெளியே, பொண்டியில். காலை ரயிலில் வந்து இறங்கி, வடக்கு நிலையத்தின் பின்பக்கம் நடந்து, மெட்ரோ பாலத்துக்குக் கீழே வந்தால் என் தொழிற்சாலை தொடங்கிவிடும். புடவைக்கடை, நகைக்கடை, தொலைபேசிக்கடை, அவற்றுக்கு மேலே அடுக்கடுக்காய் வீடுகள். அந்த வீடுகளில் எதைத் தட்ட வேண்டும் என்று கணினி சீட்டுக் குலுக்கிச் சொல்லும். அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மூன்றாம் மாடியில் ஒரு சனமும் கதவு திறக்கவில்லை என்பதற்காக இரண்டாம் மாடியில் தேத்தண்ணி தந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வர முடியாது.

கேட்பது வேலையைப் பற்றி. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை, இல்லாதவர் தேடுகிறாரா. ஒரு வீட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை கேட்க வேண்டும். முதலும் கடைசியும் நேரில், நடுவில் தொலைபேசியில். கேள்வி எங்களுடையது மட்டும் அல்ல. லிஸ்பனிலும் வார்சோவிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எல்லா நாட்டு எண்களும் லக்சம்பேர்க்கில் இருக்கிற ஐரோப்பிய அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, யாருடைய நாடு உருப்படவில்லை என்று சொல்வார்கள். ஒப்பிட வேண்டுமானால் கேள்வி ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிரான்சின் சம்பளத்தில், ஐரோப்பாவின் கேள்வியை, மன்னாரில் பிறந்த ஒருத்தி கேட்டுக்கொண்டு திரிந்தாள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மண்டபம், கசப்பான கோப்பி, ஒரே ஒரு பாடம்: எழுதியிருப்பதை அப்படியே வாசி. விளக்காதே. தலையாட்டாதே. "ஐயோ பாவம்" என்ற முகம் காட்டாதே.

அந்தப் பாடத்தை எங்களுக்குப் புகட்டியவர் மொசியூ பெர்தியே. கடைசி வரை அவர்தான் என் மேலாளர். மெலிந்த மனிதர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். மிகக் கோபம் வந்தால் "சுவாரசியம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டே வெளியே வந்தவர்களை எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் மேசையில் ஒரு தோடம்பழத்தை உரிப்பார். தோல் அறாமல் ஒரே சுருளாக வரவேண்டும். அந்த நேரத்தில் அவரிடம் எதையும் கேட்கலாம். கை வேலையாக இருப்பதால் பதில் கொஞ்சம் மனிதத்தனமாக வரும்.

அப்படி ஒரு மதியத்தில்தான் மாதா விவகாரத்தைக் கேட்டேன். வேலை தேடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் போதாது. கடந்த நான்கு கிழமைக்குள் அதற்காக ஏதாவது செய்திருக்க வேண்டும். விளம்பரம் பார்த்தீர்களா, விண்ணப்பம் போட்டீர்களா, தெரிந்தவரிடம் சொல்லி வைத்தீர்களா என்று வரிசையாகக் கேட்போம். எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "அப்ப ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டதற்கு, "ஏன், மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்றார். நம்பிக்கையோடு சொன்னார். எதில் பதிவது?

மொசியூ பெர்தியே தோலைச் சுற்றிக்கொண்டே கேட்டார். தலைமையகத்துக்கு எழுதினார். ஒரு கிழமையில் பதில் வந்தது: தொடர்பு கொள்ளப்பட்டவர் ஒன்றில் வேலை கொடுப்பவராக இருக்க வேண்டும், அல்லது இடையில் நின்று உதவுபவராக இருக்க வேண்டும். மொசியூ பெர்தியே கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மதாம் குரூஸ், உங்கள் சமயத்தின்படி அவர் இடையில் நின்று உதவுபவர்தானே?"

"அதுதான் அவருடைய முழுநேர வேலை, மொசியூ."

அவர் அன்றைய தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பிறகு, போர்த்துக்கலில் இதை ஏற்றுக்கொண்டால் ஐரோப்பாவின் எண்ணிக்கையே தலைகீழாகிவிடும் என்று சொல்லி, "இல்லை" என்று பதியச் சொன்னார். சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத் தோல் நடுவில் அறுந்துபோனது.

தமிழ் வீடுகளில் இன்னொரு கஷ்டம் உண்டு. கேள்வி கேட்பவள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். எந்த ஊர், எந்தக் கோயில், அவர் என்ன செய்கிறார், எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதா. நான் அவர்களிடம் கேட்பதைவிட அவர்கள் என்னிடம் கேட்பதுதான் நீளம். அவர்களுடைய அந்தக் கேள்விகளையும் எந்த நாட்டோடும் ஒப்பிடலாம். லா சப்பல் முழுதும் ஒரே ஒழுங்கில், ஒரு சொல் மாறாமல் கேட்டார்கள்.

அப்படி என்னை முழுதாக விசாரித்துவிட்டு உள்ளே விட்டவர்தான் சிவநேசன். பெயர் அது அல்ல. அவரும் மனைவியும் இந்தக் கதையை இப்போது கலியாண வீடுகளில் மேசை மேசையாகச் சொல்லுகிறார்கள். எழுதவும் சம்மதம் தந்தார்கள். "எழுதுங்கோ அக்கா, அவர் தமிழிலை வாசிக்கிறது சாப்பாட்டுக்கடை விலைப்பலகை மட்டும்தான்" என்றாள் மனைவி. ஆனாலும் பெயர்களை மாற்றிவிட்டேன். பழக்கதோஷம்.

முதல் தடவை போனது குளிர்காலத் தொடக்கத்தில். ரயில் பாதையைப் பார்த்த நாலாம் மாடி. சிவநேசனுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இஸ்திரி போட்ட சேர்ட், நல்ல குரல். லா சப்பலின் பெரிய மளிகைக்கடை ஒன்றில் மனேஜர். சாமான் இறக்குவது முதல் ஆள் எடுப்பது வரை தன் பொறுப்பு என்றார். மனைவி வதனியைப் பற்றியும் அவரே பதில் சொன்னார். விதியில் அதற்கு இடம் உண்டு; வீட்டில் ஒருவர் மற்றவருக்காகச் சொல்லலாம்.

"அவ வீட்டிலைதான். பஸ் ஓட்டப் போறன் எண்டு ஒருக்கா நிண்டவ. நான் வேண்டாம் எண்டிட்டன். எங்கடை சனம் ஏறி இறங்குற பஸ்ஸிலை எங்கடை வீட்டுப் பொம்பிளை இருந்தால் என்ன கதைப்பினம்?"

வதனி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத முகத்தை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை இல்லை, தேடவும் இல்லை என்று பதிந்துகொண்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்கிற முறை. முதலில் சிவநேசனின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன். பின்னால் காற்றுச் சத்தம். எங்கேயோ வெளியில் நிற்கிறார். போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்று வாசித்தேன்.  

"அக்கா, இது எங்கை போகும்?"

"எண்ணா மட்டும்தான் போகும், தம்பி. உங்கடை பேரிலை ஒருத்தருக்கும் போகாது. நான் வாய் திறந்தால் என்னை உள்ளை போடலாம்."

"அப்ப உண்மையைச் சொல்லுறன். வேலை இல்லை. முதலாளி கடையை மருமோனுக்குக் குடுத்திட்டார். மருமோனுக்கு மனேஜர் தேவையில்லை. வீட்டிலை தெரியாது. காலமை வெளிக்கிட்டு, பின்னேரம் போறன். வதனிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பகல் முழுதும் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அது கேள்விக்கொத்தில் இல்லை. அவரே சொன்னார். நகரத்தின் தெற்குப் பக்கம் போய்விடுவாராம், தமிழ் முகம் ஒன்றுகூடக் காணாத இடமாகப் பார்த்து. நூலகத்தில் இருந்து விண்ணப்பம் எழுதுவாராம்.

வதனியிடமே கேட்க, அடுத்த நாள் பகலில் வீட்டு இலக்கத்துக்கு எடுத்தேன். யாரும் இல்லை. இரண்டு நாள் கழித்து வதனியே திருப்பி எடுத்தாள். இந்த முறை தன் பதிலைத் தானே சொல்லப் போவதாகச் சொன்னாள். போன கிழமை ஒரு மணித்தியாலமாவது?

"ஓம். முழுநேரம். பஸ் கொம்பனியிலை பயிற்சி, சம்பளத்தோடை."

முழுநேரம் என்று தட்டினேன்.

"அவருக்குத் தெரியாது, அக்கா. அவர் வெளிக்கிட்டாப் பிறகு வெளிக்கிடுவன், வர முந்தி வந்திடுவன். யூனிபோம் டிப்போவிலை கிடக்கு. சோதினை பாஸ் பண்ணினாப் பிறகு சொல்லுவன். பாஸ் பண்ணினாப் பிறகு மறிக்கேலாதுதானே." பிறகு குரல் இளகிவிட்டது. "அவரும் பாவம். கடையிலை வேலை கூடிப்போச்சுப் போலை. விழுந்து விழுந்து களைச்சு வாறார்."

"ம்" என்றேன். இருபது வருடத்தில் நான் சொன்ன மிகக் கடினமான சொல் அதுதான்.

இரண்டு பதிலையும் பதிந்து அனுப்பினேன். ஐரோப்பாவின் கணக்கில் அந்த வீடு சரியாகவே இருந்தது: ஒருவர் வேலை இழந்தார், ஒருவர் வேலை பெற்றார், நிகர மாற்றம் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குள் நடப்பது முழுதாகத் தெரிந்த ஒரே ஆட்கள் பிரெஞ்சு அரசாங்கமும் நானும். அரசாங்கத்துக்கு நித்திரை வந்தது. எனக்கு வரவில்லை. என் மனுஷனிடம்கூடச் சொல்லவில்லை. மீன் வாங்க லா சப்பல் போனால், எதிரே சிவநேசன் வந்துவிடுவாரோ என்று பார்த்துப் பார்த்து நடந்தேன். ஒருநாள் வந்தேவிட்டார். "பாவம் அக்கா, அவ வீட்டிலை தனிய இருந்து அலுத்துப்போனா" என்று என்னிடமே கவலைப்பட்டார். ஒரே ஒரு வசனம் சொன்னால் இரண்டு பேரும் பிழைத்துவிடுவார்கள். அந்த வசனத்தைச் சொல்ல உலகத்திலேயே உரிமை இல்லாதவள் நான் ஒருத்தி.

இந்த நேரம் பார்த்துத்தான் ஐரோப்பா வந்தது. ஒரு நாட்டின் அலுவலகத்தை மற்ற நாட்டுக்காரர் வந்து பார்த்து, பொதுவான நெறிகளின்படி நடக்கிறதா என்று எழுதுவது வழக்கம். சம்பந்தி வீட்டார் வந்து அடுப்படி பார்க்கிற மாதிரி. எல்லோரும் சிரித்துக்கொண்டு பானைக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள். வந்தவர்களில் ஒருவர் எஸ்தோனியாப் பெண், பெயர் கிர்ஸ்டி. கேள்வி கேட்பது வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். மொசியூ பெர்தியே என்னை அழைத்து, என்னுடைய வீடுகளில் ஒன்றுக்கு அவரைக் கூட்டிப்போகச் சொன்னார். எந்த வீடு?

"சீட்டுக் குலுக்குவோம்" என்றார். "நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்று பேச்சு வரக்கூடாது."

எந்த வீடு விழுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டின் மூன்றாம் முறையைத் தொலைபேசிக்குப் பதிலாக நேரில் கேட்பதென்று முடிவானது.

சிவநேசன் மறுப்பார் என்று நம்பினேன். அவரோ ஐரோப்பாவிலிருந்து விருந்தாளி வருகிறார் என்றதும் பூரித்துப்போனார். "அண்டைக்கு லீவு போடுறன்" என்றார். இல்லாத வேலைக்கு லீவு போட்ட ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். வதனியும் அன்று பயிற்சிக்கு ஏதோ பொய் சொல்லியிருப்பாள். நாங்கள் போனபோது சமையலறை மேசையில் வடை, கட்லட், ரோல்ஸ், கேக். கிர்ஸ்டி என்னைவிட இரண்டு தலை உயரம். கையில் எங்கள் கையேட்டின் பிரெஞ்சுப் பிரதி, ஓரமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். ஒரு வடையை எடுத்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கடித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் இரண்டாவதை எடுத்தார்.

மடிக்கணினியைத் திறந்தேன். வீட்டில் இருப்பவர்கள், பிறந்த திகதி, எல்லாம் ஒழுங்காகப் போனது. இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அடுத்த திரை வந்தது. தடவைக்குத் தடவை எல்லாவற்றையும் புதிதாகக் கேட்காமல், போன முறை சொன்னதை நினைவூட்டி, இன்னும் அப்படியா என்று கேட்பதுதான் முறை. திரையில் தடித்த எழுத்தில் நின்றது: போன முறை நீங்கள் வேலை இல்லாமல் வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். இன்னும் அந்த நிலைதானா?

அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். அதற்கடுத்த திரையில் வதனிக்கான வசனம் காத்திருந்தது: போன முறை நீங்கள் பஸ் ஓட்டுநர் பயிற்சியில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். சிவநேசனின் கையில் ரோல்ஸ் பாதியில் நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. வதனி தேத்தண்ணி ஊற்றியபடி என்னையே பார்த்தாள். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. இருவரும் கண்ணால் கெஞ்சினார்கள். மற்றவரும் கெஞ்சுவது இருவருக்கும் தெரியாது. நடுவில் கிர்ஸ்டி பேனாவோடு.

எனக்குள் மொசியூ பெர்தியே, எழுதியிருப்பதை அப்படியே வாசி என்றார். வேறு எதுவோ வாயைத் திறந்தது.

"இனி வரும் கேள்விகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை" என்றேன், பிரெஞ்சில். "மற்றவர் அறையில் இருக்கக் கூடாது. விதி."

"விதி எண்டால் விதிதானே" என்றார் சிவநேசன், உயிர் வந்தவராக.

"ஓம் ஓம், விதி" என்றாள் வதனி, தேவைக்கு மிஞ்சிய வேகத்தில்.

கிர்ஸ்டி கையேட்டைப் பார்த்தார். ஒரு மஞ்சள் தாளில் விரல் வைத்தார். என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வழிந்த தேத்தண்ணியைப் பார்த்தார். பிறகு தன் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்:

"ஆம். எங்கள் நாட்டிலும் அப்படித்தான்."

அரை நிமிடத்தில், ஒரு கூட்டமும் இல்லாமல், இரண்டு நாடுகள் ஒரே விதிக்கு உடன்பட்டன. என் வேலைக்காலத்தில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை.

வதனியை முன்னறைக்கு அனுப்பி, தொலைக்காட்சியைச் சத்தமாகப் போடச் சொன்னேன். சிவநேசன் கிசுகிசுத்தார்: "இன்னும் ஒண்டும் கிடைக்கேல்லை, அக்கா. அவவுக்குத் தெரியாதுதானே?" பதிந்தேன். பிறகு இடம் மாறினார்கள். "அடுத்த மாசம் சோதினை, அக்கா. அவர் ஏதும் கேட்டவரோ?" பதிந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: அடுத்த கேள்வி.

படி இறங்கும்போது கிர்ஸ்டி இரண்டாம் மாடியில் நின்றார்.

"அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை, மதாம்."

"எங்கள் நாட்டிலும் இல்லை." கொஞ்சம் இறங்கினார். "யார் யாரிடம் மறைக்கிறார்கள்?"

"சொல்ல முடியாது."

"நல்லது" என்றார். கைப்பையிலிருந்து, தாளில் சுற்றிய இன்னொரு வடையை எடுத்தார். வதனி கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

ஒரு கிழமை கழித்து மொசியூ பெர்தியே அழைத்தார். தோடம்பழ நேரம் அல்ல, காலை ஒன்பது மணி. மேசையில் கிர்ஸ்டியின் குறிப்பு. என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் வினை. பிரான்சில் நினைவூட்டல் கேள்விகளை ஒவ்வொருவரிடமும் தனியே கேட்கும் சிறந்த நடைமுறை இருப்பதை அவதானித்தேன் என்று எழுதிவிட்டார்.

"அப்படி ஒரு நடைமுறை நம்மிடம் இல்லை" என்றார், கேட்க முடியாத குரலில். "திரையில் இருந்த வசனத்தை வாசித்தீர்களா?"

"அவர்கள் இருவரும் இருக்கும்போது வாசிக்கவில்லை."

"ஏன்?"

"சொல்ல முடியாது, மொசியூ. புள்ளிவிவர இரகசியம்."

"நான் உங்கள் மேலாளர்."

"ஆம், மொசியூ."

அவருக்கு முன்னால் கணினி இருந்தது. அந்த வீட்டின் கோப்பைத் திறக்க அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டு முறை தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். கை கிட்டப் போனது. வேலை போனால் பொண்டியில் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது என்றெல்லாம் ஓடியது. காலையில் வெளிக்கிட்டு நானும் தெற்குப் பக்கம் போய் நூலகத்தில் இருக்க வேண்டியதுதான்.

"சுவாரசியம்" என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் கணினியைத் தொடவில்லை. கதிரையைத் திருப்பி யன்னலைப் பார்த்தார். ஒருவர் ஒரு பதிலை நம்மிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார், நாம் அதை அவருடைய வீட்டாருக்கு முன்னால் வாசித்துக் காட்டுகிறோம், இவ்வளவு காலமும் இது நமக்குத் தோன்றவில்லை என்றார். என்னிடம் அல்ல, யன்னலிடம். பிறகு என்னிடம், "இனிமேல் விதி கண்டுபிடிக்கும்போது எனக்கு முதலில் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான்.

அவர் தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் ஒரு செயற்குழு அமைத்தது. செயற்குழு ஆய்வு செய்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, நினைவூட்டல் வசனத்தை அவரவர் தனியாக இருக்கும்போது மட்டும் வாசிக்கவும் என்று சுற்றறிக்கை வந்தது. எஸ்தோனியாவின் நல்ல அனுபவத்தைப் பின்பற்றி, என்று அதில் எழுதியிருந்தது.

அந்த வீட்டுக்கு வருவோம். நாலாம் முறை தொலைபேசியில் எடுத்தபோது வதனி சோதினை பாஸ். எங்கள் சனம் இல்லாத தெற்குப் பக்கம் ஒரு வழித்தடம் கேட்டு வாங்கிவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. "இப்ப பஸ்ஸை மட்டுமில்லை, இவ்வளவு நாள் ஒளிச்சதையும் சேத்தெல்லோ சொல்லோணும்" என்றாள். சிவநேசன் அதே நூலகம், அதே விண்ணப்பம். இரண்டு பேரும் லா சப்பல் கண்களுக்குப் பயந்து ஓடிய திசை ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டு யோசிக்கிற பழக்கம் போய்விட்டதோ என்னவோ.

ஐந்தாம் முறை வதனியே எடுத்தாள். முதல் கேள்வியை நான் வாசிக்க முன்பே தொடங்கிவிட்டாள்.

"மழை, அக்கா. நிப்பாட்டலிலை கனபேர். ஏறுற ஒவ்வொருத்தருக்கும் பொன்ஜூர் சொல்லோணும், அது சட்டம். ஒராள் குடையை மடக்கிக்கொண்டு பயணக் காட்டை மெஷினிலை தட்டிச்சுது. பொன்ஜூர் மொசியூ எண்டன். அந்த ஆளும் பொன்ஜூர் எண்டிட்டு ரெண்டடி உள்ளை போயிட்டுது. பிறகு திரும்பிச்சுது. பாத்தால் இவர்."

"பிறகு?"

"பிறகென்ன. பின்னுக்குச் சனம். 'உள்ளுக்குப் போங்கோ, கதவு பூட்டோணும்' எண்டன். பிரெஞ்சிலைதான் சொன்னன். போய் முன்சீற்றிலை இருந்தார். நான் ஓட்டினன். ஒரு நிப்பாட்டலும் விடேல்லை. கடைசி இடத்திலை எல்லாரும் இறங்கிச்சினம், இவர் இறங்கேல்லை. நான் என்ரை கூட்டைத் திறந்து வந்து பக்கத்திலை இருந்தன். வேலைக்குப் போகேல்லையோ எண்டு கேட்டன். இல்லையெண்டார். எப்பதொட்டு எண்டன். பொங்கலுக்கு முதல் எண்டார். நான் பொங்கலுக்குப் பிறகு எண்டன்."

நான் கேள்வித் திரையை ஒரு பக்கம் தள்ளினேன்.

"கோவிச்சவரோ?"

"குடையை மடியிலை வைச்சார். பிறகு, 'ஆசுப்பத்திரித் திருப்பத்திலை ஏன் பிரேக்கை அப்பிடி அமத்தினனி?' எண்டார். எனக்கு வந்த கோவம். நீ வந்து ஓட்டு எண்டன். அப்பதான் அவர் அழுதார், அக்கா. நானும். பிறகு நேரம் வந்திட்டுது, பஸ்ஸைத் திருப்பினன். அவர் திரும்பியும் காட்டைத் தட்டிப்போட்டுத்தான் இருந்தார்."

அது முடிந்த பிறகு, சட்டப்படி, போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா என்று அவளிடம் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரல் சரியாக இல்லை. பயிற்சியில் சொன்னபடி முகம் காட்டாமல் இருந்தேன், தொலைபேசிதானே.

ஆறாவது, கடைசி முறை. நேரில் போனேன். பின்னேரம், வதனி அப்போதுதான் வேலையால் வந்து, யூனிபோமோடு காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். கதவைத் திறந்தவர் சிவநேசன். தோளில் துவாய், கையில் அகப்பை. சேர்ட் இஸ்திரி போடவில்லை. தனித்தனியாகக் கேட்கவா என்று கேட்டேன். "இனி என்ன தனித்தனி, இருந்து கேளுங்கோ" என்றாள் வதனி.

அவளுடையது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சிவநேசனிடம் வந்தேன். போன கிழமை ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீர்களா?

"செய்தன். விடிய எழும்பிச் சாப்பாடு கட்டினன், வீடு கூட்டினன், உடுப்புத் தோய்ச்சன், பின்னேரம் சமைச்சன். ஒரு மணித்தியாலமோ? இருக்க நேரமில்லை."

"அது கணக்கில்லை, தம்பி. சொந்த வீட்டு வேலை வேலையில்லை."

"ஆர் சொன்னது?"

"ஐரோப்பா."

அவர் அகப்பையை மேசையில் வைத்தார். உண்மையிலேயே மனம் நொந்துபோய்விட்டது. "அதெப்பிடி? அவையள் வந்து ஒரு நாள் செய்து பாக்கட்டும். இதை எழுதினது ஆம்பிளையோ பொம்பிளையோ?"

வதனி சிரிக்கத் தொடங்கினாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. அவர் அவளைப் பார்த்தார். கழுத்துவரை சிவந்துபோனது.

"சரி," என்றார் கடைசியில். "இல்லையெண்டே போடுங்கோ."

போட்டேன். வேலை தேட என்ன செய்தீர்கள் என்று வரிசையாக வாசித்தேன், அவரும் வரிசையாகப் பதில் சொன்னார். அடுத்த கிழமை ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நேர்முகம் என்றார். நான் கணினியை மூடினேன். அடுப்பில் கறி பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வதனி எழும்பப் போனாள்.

"நீ இரு" என்று சொல்லிவிட்டு, அவர் அகப்பையை எடுத்துக்கொண்டு போனார்.